சுற்றித் திரிய ஓர் உலகம்: ஓப்பன் வேர்ல்டு கேம் தேடுவோருக்குச் சில குறிப்புகள்

பெரிய மேப், இஷ்டம்போல் சுற்றலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லாத கேம் விளம்பரம் இன்று அபூர்வம். நம்பி வாங்கி, ராத்திரி முழுக்க டவுன்லோடு போட்டு, உள்ளே போனால் மேப் நிறையப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓடி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். மளிகைப் பட்டியலைக் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பியதுபோல் இருக்கிறது. அந்த மலைக்கு அப்பால் என்ன இருக்கும் என்று நமக்குத் தானாகத் தோன்ற வேண்டும். போய்ப் பார்த்தால் அங்கே உண்மையிலேயே ஏதாவது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கேம்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடிக்கும் வழிகளைத்தான் இங்கே தருகிறேன். பிள்ளைகளுக்காகத் தேடும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதியவை இவை.

1. முதலில் உங்களுக்கு எந்தச் சுதந்திரம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு.

தோண்ட, வெட்ட, கட்ட, உலகத்தையே மாற்ற ஆசையா? மைன்கிராஃப்ட், டெரேரியா இரண்டும் அதற்கானவை. 2011இல் முழு வடிவில் வெளிவந்த இவை இன்றும் சலிக்கவில்லை. கால் போன போக்கில் நடந்து ஊர்களையும் மனிதர்களையும் பார்க்க வேண்டுமா? அதே 2011இல் வந்த ஸ்கைரிமில் முக்கியக் கதையைத் தொடாமலே மாதக்கணக்கில் திரியலாம். எந்த வரிசையில் எதைச் செய்வது என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டுமா? 2017இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘பிரெத் ஆஃப் தி வைல்டு’ தொடக்கப் பீடபூமியை விட்டு இறங்கியதும் நேராகக் கடைசி எதிரியிடமே போக விடுகிறது. தோற்பீர்கள், ஆனால் தடுக்க மாட்டார்கள். புதிரை அவிழ்ப்பதில் மனம் போகிறதென்றால் 2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’. ஒரு சின்னச் சூரியக் குடும்பம், 22 நிமிடங்களில் எல்லாம் அழிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புதிய ஆயுதமோ கூடுதல் பலமோ கிடைக்காது. போன முறை நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும்தான் இந்த முறை கைகொடுக்கும்.

கட்டப் பிடித்த குழந்தைக்கு ஸ்கைரிம் வாங்கிக் கொடுத்தால் இரண்டாம் நாளே மூடிவிடும். கதை பிடித்தவருக்கு மைன்கிராஃப்ட் வெறும் கட்டைகளாகத் தெரியும். கேம் மோசமில்லை, பொருத்தம்தான் தவறு.

2. மேப் அளவைப் பார்த்து மயங்காதீர்கள். 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதிய ‘எலைட்’ எட்டு விண்மீன் மண்டலங்களையும் ஒவ்வொன்றிலும் 256 கோள்களையும் சில பத்து கிலோபைட் நினைவகத்துக்குள் அடக்கியது. கணக்குச் சூத்திரம் ஒன்று எழுதிவிட்டால் உலகங்களை எத்தனை வேண்டுமானாலும் பிறப்பிக்கலாம். 1996இல் வந்த ‘டாகர்ஃபால்’ பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களும் நிலவறைகளும் கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கும். அளவுக்கும் ஆழத்துக்கும் சம்பந்தமில்லை.

‘பிரெத் ஆஃப் தி வைல்டு’ இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி தன் ஊரான கியோட்டோவின் வரைபடத்தைக் கேமின் நிலத்தின் மேல் வைத்துப் பார்த்தார். எவ்வளவு தூரத்துக்கு ஓர் இடம் இருந்தால் நடக்க அலுக்காது என்பதை, தான் நடந்து பழகிய தெருக்களை வைத்தே அளந்தார். அந்தக் குழு பின்பற்றிய இன்னொரு முறையும் உண்டு: குன்றுகளும் பாறைகளும் முக்கோண வடிவில் நின்று பின்னால் இருப்பதைப் பாதி மறைக்கும். ஏறிப் போகலாமா, சுற்றிப் போகலாமா என்று நீங்கள் யோசிக்க வேண்டும். சுற்றிப் போனால் மறைவில் இருந்தது மெல்ல வெளிப்படும். இப்படி யோசித்துச் செய்த சின்ன நிலம், சூத்திரம் பெற்ற ஆயிரம் கோள்களைவிட எனக்கு மேல். ‘எ ஷார்ட் ஹைக்’ ஒரே ஒரு தீவு, நடுவில் ஒரு மலை. இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். அதன் ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது.

3. டிரெய்லரைப் பார்த்து வாங்க வேண்டாம். யூடியூபில் யாரும் பேசாமல் விளையாடும் வீடியோ ஒன்றைத் தேடி, நடுவிலிருந்து பத்து நிமிடம் பாருங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: விளையாடுபவர் எதைப் பார்த்து நடக்கிறார்? திரையின் மூலையில் உள்ள மினி மேப்பையும் மிதக்கும் அம்புக்குறியையும் பார்த்தே நடந்தால், அந்த உலகம் வெறும் பின்னணிதான். தூரத்துப் புகை, கோபுரம், வித்தியாசமான மரம் என எதையாவது கண்டு வழியை மாற்றிக்கொண்டால், அது நல்ல அறிகுறி.

வழிகாட்டும் விதத்திலேயே கேமின் குணம் தெரிந்துவிடும். 2002இல் வந்த மாரோவிண்டில் அம்புக்குறியே கிடையாது. ‘ஆற்றைத் தாண்டி இடப்பக்கம் திரும்பு, பாறை வரும்’ என்று ஊர்க்காரர் வாயால் சொல்வார். நாம்தான் தேடிப் போக வேண்டும். ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ அம்புக்குறிக்குப் பதிலாகக் காற்றை வீசவிடுகிறது. புல் சாயும் திசையில் நடந்தால் போய்ச் சேரலாம், கண் நிலத்தை விட்டு விலகாது. ‘எல்டன் ரிங்’ செய்ய வேண்டியவற்றின் பட்டியலையே தருவதில்லை. கோபுரம் ஏறினால் மேப் முழுக்கக் குறிகள் கொட்டும் பாணி சில பெரிய நிறுவனங்களின் வழக்கம். அதுவும் சிலருக்குப் பிடிக்கும். வேலை முடித்துக் களைத்து வந்தவருக்கு அடுத்து என்ன என்று யாராவது சொன்னால் நிம்மதிதான். ஆனால் தேடும் சுகத்துக்காக வாங்குகிறவர்கள் அதைத் தவிர்க்கலாம்.

4. ஏற்கெனவே வாங்கிய கேமில் குறிகள் தொந்தரவு செய்தால் செட்டிங்ஸில் மினி மேப், மார்க்கர், திசைகாட்டி மூன்றையும் அணைத்துப் பாருங்கள். ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ தொடக்கத்திலேயே எக்ஸ்ப்ளோரேஷன் மோடு வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். இடத்தின் பெயரும் அடையாளமும் மட்டும் சொல்வார்கள். அதே கேம் வேறாகத் தெரியும்.

5. ஸ்டீம் போன்ற கடைகளில் ‘ஓப்பன் வேர்ல்டு’ என்று மட்டும் தேடினால் குப்பையும் சேர்ந்து வரும். ‘எக்ஸ்ப்ளோரேஷன்’, ‘சாண்ட்பாக்ஸ்’ (மணல்பெட்டிபோல் இஷ்டப்படி விளையாடும் வகை) ஆகிய டேக்குகளையும் சேருங்கள். வேண்டாத டேக்கை விலக்கும் வசதியும் அங்கே உண்டு: பேய்க் கதை பிடிக்காதென்றால் ‘ஹாரர்’, பலரோடு மோத விருப்பமில்லையென்றால் ‘பிவிபி’. பிடித்த ஒரு கேமின் பக்கத்தில் அதைப் போன்றவை என்று காட்டப்படும் வரிசையிலும் நல்லது அகப்படும்.

6. விமர்சனங்களில் திட்டியவற்றை முதலில் படியுங்கள். ‘எங்கே போவதென்றே தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை’ என்று ஒருவர் கோபப்பட்டிருந்தால் உங்களுக்கு அதுவே சிபாரிசு. ‘முதல் ஐந்து மணி நேரம் அருமை, பிறகு எல்லா இடமும் ஒன்றுதான்’ என்று பலர் சொன்னால் எச்சரிக்கை. ஸ்டீமில் எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் கூடவே வரும், அதைப் பாருங்கள்.

7. கேமைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் மெஷினைத் தெரிந்துகொள்ளுங்கள். ரேம் எவ்வளவு, தனி கிராபிக்ஸ் கார்டு உண்டா, எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்க்கா, மிச்ச இடம் எவ்வளவு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடையின் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சத் தேவையோடு ஒப்பிடுங்கள். ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ 150 ஜிபி இடம் கேட்கிறது. வைக்கிங் உலகத்தில் நடக்கும் ‘வால்ஹைம்’ ஒரே ஒரு ஜிபிதான் கேட்கிறது.

இங்கே பலர் சறுக்குவது உண்டு. டவுன்லோடு சின்னதாக இருந்தால் மெஷினுக்கும் இலகு என்று நினைத்துவிடுகிறார்கள். வால்ஹைம் அளவில் சிறியது, ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திணறும். ஆபீஸ் வேலைக்கு வாங்கிய சாதாரண லேப்டாப் மட்டுமே இருக்கிறதென்றால் டெரேரியா, ‘எ ஷார்ட் ஹைக்’, மாரோவிண்ட் போன்றவற்றைப் பாருங்கள். மைன்கிராஃப்டிலும் பார்வைத் தூரத்தைக் குறைத்து வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பழைய கேம் என்றால் மட்டம் என்றில்லை. இந்த வகையில் மிகச் சிறந்தவை பல, பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் வந்தவை.

8. காசு செலவில்லாமல் தொடங்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. என் முதல் பரிந்துரை லுவான்டி. 2010இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி 2024இல் பெயர் மாறிய கட்டற்ற மென்பொருள் இது. விளம்பரம் கிடையாது, உள்ளே கடை கிடையாது, பழைய கணினியிலும் ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் உண்டு. நிறுவியதும் வெறுமையாகத் தெரிந்து பலர் ஏமாந்து மூடிவிடுகிறார்கள். அது கேம்களை ஓட்டும் என்ஜின் மட்டுமே. அதற்குள் இருக்கும் கன்டென்ட் பகுதிக்குப் போய் ‘மைன்குளோனியா’ அல்லது ‘வாக்ஸெலிப்ரே’ என்ற கேமை இறக்கினால் மைன்கிராஃப்டுக்கு மிக நெருக்கமான உலகம் கிடைக்கும். நிரல் எழுத ஆர்வமுள்ள பிள்ளைகள் லுவா மொழியில் தாங்களே புதிய பொருள்களையும் விலங்குகளையும் சேர்க்கலாம்.

டாகர்ஃபாலும் இப்போது இலவசம். ரசிகர்கள் அதை யூனிட்டி என்ஜினில் புதுப்பித்திருக்கிறார்கள், அந்தப் பதிப்பையே எடுங்கள். எபிக் கேம்ஸ் ஸ்டோர் 2018 இறுதியிலிருந்து இலவசக் கேம்களைத் தொடர்ந்து தருகிறது. அங்கே கணக்குத் தொடங்கி, விளையாட நேரமில்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்து எடுத்து வையுங்கள். எடுத்தது உங்கள் கணக்கிலேயே இருக்கும்.

9. போனில் விளையாடுவோர் இந்தக் குறிப்பை நிதானமாகப் படிக்க வேண்டும். 2020இல் வந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ இலவசம், அழகு, அலைந்து திரிய அவ்வளவு இடம். நம்பிப் பரிந்துரைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. புதிய கதாபாத்திரங்கள் குலுக்கல் முறையில் கிடைக்கின்றன. நீங்கள் விரும்பியது எப்போது விழும் என்று தெரியாது. ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒன்று நிச்சயம் கிடைக்க 90 குலுக்கல்கள்வரை ஆகலாம், அதுவும் நீங்கள் கேட்டதாக இருக்க வேண்டியதில்லை. குலுக்கலுக்குத் தேவையானது விளையாடியும் சேரும், காசு கொடுத்தும் வாங்கலாம். சிறுவர்களிடம் இதை விற்ற விதத்துக்காக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு 2025 ஜனவரியில் இரண்டு கோடி டாலர் கட்டி முடித்துக்கொள்ளப்பட்டது. பெற்றோர் சம்மதமின்றி 16 வயதுக்குட்பட்டோருக்கு அங்கே இதை விற்கவும் கூடாது. ஆகவே போனைக் குழந்தையிடம் கொடுக்கும் முன் பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். காசைத் தொடாமலே அந்த உலகம் முழுவதையும் சுற்றலாம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

மைன்கிராஃப்டும் டெரேரியாவும் போனில் காசு கொடுத்து ஒருமுறை வாங்கினால் போதும். ஐகானும் பெயரும் ஒன்றுபோல் இருக்கும் போலிகள் ஏராளம். மைன்கிராஃப்ட் என்றால் கீழே மோஜாங் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் அன்லாக் செய்த ஏபிகே (செயலி ஃபைல்) என்று யார் அனுப்பினாலும் நிறுவ வேண்டாம். வங்கிச் செயலி இருக்கும் போனில் அது விளையாட்டல்ல.

10. சாண்ட்பாக்ஸ் என்றதும் குழந்தைகளுக்கானது என்று எண்ணிவிடக் கூடாது. ஜிடிஏ 5 ஐரோப்பிய மதிப்பீட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. வகுப்பில் எல்லாரும் விளையாடுகிறார்கள் என்பது காரணமாகாது. கார் ஓட்டும் ஆசைதான் என்றால் அதற்கு வேறு கேம்கள் உண்டு.

சின்னப் பிள்ளைகளுக்கு மைன்கிராஃப்டைப் பீஸ்ஃபுல் நிலையில் தொடங்கிக் கொடுங்கள். தாக்க வரும் பிராணிகள் இருக்காது, பசியும் எடுக்காது. முன்பின் தெரியாதவர்களின் சர்வருக்குப் போகாமல் வீட்டு வைஃபையிலேயே விளையாடட்டும். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு ‘சப்நாட்டிகா’வை யோசிக்கலாம். வேற்றுக் கோளின் கடலில் விழுந்து ஆழத்துக்குள் போகும் கதை. கொல்லும் துப்பாக்கி அதில் கிடையாது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு இயக்குநர் சார்லி கிளீவ்லாண்ட் மனமறிந்து எடுத்த முடிவு அது. ஆனால் இருண்ட ஆழத்தில் பெரிய பிராணிகள் திடீரென்று வரும், பயந்த சுபாவமுள்ள குழந்தைக்கு ஒத்து வராது. வரலாறு பிடித்த பிள்ளை இருக்கிறதா? அசாசின்ஸ் கிரீட் வரிசையின் ‘டிஸ்கவரி டூர்’ சண்டையே இல்லாமல் பழைய எகிப்தையும் கிரேக்கத்தையும் சுற்றிக் காட்டுகிறது. பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

11. தலைசுற்றல், குமட்டல் வருகிறதா? கேமை ஒதுக்கும் முன் செட்டிங்ஸில் மோஷன் பிளர், கேமரா ஷேக், நடக்கும்போது திரை ஆடும் வசதி எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபீல்ட் ஆஃப் வியூவைக் கொஞ்சம் கூட்டுங்கள். திரையிலிருந்து தள்ளி, விளக்குப் போட்டு உட்காருங்கள். அப்படியும் வந்தால் கதாபாத்திரத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கேம்கள் பலருக்கு ஒத்துப் போகின்றன.

12. காசு திரும்பப் பெறும் விதியைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ போன்றவற்றில் பனிமலையில் நடக்கும் முதல் அத்தியாயத்துக்கே அவ்வளவு நேரம் போய்விடும், உலகம் அதற்குப் பிறகுதான் திறக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு வீடியோ பார்த்து முடிவு செய்வதே வழி. ஜிஓஜி கடையில் 30 நாள் அவகாசம் உண்டு.

13. வெளிவருமுன் முன்பதிவு செய்ய வேண்டாம். 2016இல் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ வந்தபோது, சொன்ன பல அம்சங்கள் அதில் இல்லை. வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதை உருவாக்கிய சின்னக் குழு ஓடிப் போகாமல் வருடக்கணக்கில் புதிய அம்சங்களை இலவசமாகவே சேர்த்துக்கொண்டிருக்கிறது. இன்று அது வேறொரு கேம். ‘சைபர்பங்க் 2077’ 2020 டிசம்பரில் வந்த சில நாள்களிலேயே பிளேஸ்டேஷன் கடையிலிருந்து எடுக்கப்பட்டு அடுத்த ஜூனில்தான் திரும்பியது. பொறுத்தவருக்குச் செம்மையான கேம், குறைந்த விலையில். விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டால் தள்ளுபடி வரும்போது மெயில் வரும்.

14. அண்ணன் தங்கை சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் வாங்கும் முன் பதிப்பைக் கவனியுங்கள். கணினிக்கான மைன்கிராஃப்டில் ஜாவா, பெட்ராக் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. போனில் இருப்பது பெட்ராக். ஒருவர் கணினியிலும் ஒருவர் போனிலும் என்றால் கணினியில் பெட்ராக்கைத் திறந்தால்தான் சேர முடியும். வால்ஹைமில் பத்துப் பேர்வரை ஒரே உலகத்தில் வாழலாம். ஸ்டீம் ஃபேமிலீஸில் ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர்வரை கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் ஒரே கேமை ஒரே நேரத்தில் இருவர் விளையாட இரண்டு பிரதி வேண்டும்.

15. கட்டிய உலகத்தைக் காப்பி எடுத்து வையுங்கள். மைன்கிராஃப்ட், டெரேரியா, லுவான்டி மூன்றிலும் ஓர் உலகம் என்பது சில ஃபைல்கள்தான். மாதம் ஒருமுறை பென்டிரைவில் போடுங்கள். போன் மாற்றும்போது, செயலியை அழிக்கும்போது பல பிள்ளைகள் அழுவது காப்பி இல்லாததால்தான். மைன்கிராஃப்டில் உலகத்தின் சீட் எண்ணையும் எழுதி வையுங்கள். அதே பதிப்பில் அந்த எண்ணைக் கொடுத்தால் அதே மலையும் ஆறும் திரும்ப வரும். கட்டிய வீடு வராது, அதற்குத்தான் காப்பி.

16. விளையாடும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். சப்நாட்டிகாவில் மேப்பே கிடையாது, மாரோவிண்டில் வழி வாய்மொழிதான். எங்கே குகை கண்டீர்கள், எந்தப் பாறைக்குப் பக்கத்தில் எது விளைந்தது என்று கையால் வரைந்துகொண்டே போனால் இடம் மனத்தில் பதிகிறது.

17. தேடும் பருவத்தில் வாக்த்ரூ வீடியோ பார்க்காதீர்கள். மாட்டிக்கொண்டால் அன்றைக்கு மூடிவிட்டு வேறு திசையில் போய்ப் பாருங்கள். ஓப்பன் வேர்ல்டில் எப்போதும் இன்னொரு திசை உண்டு. மூன்றாம் குறிப்பில் சொன்ன பத்து நிமிட வீடியோவுக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ வாங்குவதாக இருந்தால் எதையும் பார்க்க வேண்டாம், எதையும் படிக்க வேண்டாம், முடித்த நண்பரையும் கேட்க வேண்டாம். மெஷின் தாங்குமா என்று மட்டும் பார்த்துவிட்டு நேராக உள்ளே போங்கள்.